கொம்பனி டொக்டர் கிளினிக் டொக்டரிடம் கேட்கலாமா? எதற்கு மட்டும் கையொப்பம் வைப்பது?

திருகோணமலையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். தம்பி சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். சலரோகத்துக்குக் கிளினிக்கில் காட்டி இன்சுலின் போடுகிறார். போன மாதம் இரவு வேலையில் சீனி இறங்கி மயங்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், அந்த நேரம் வண்டியில் இருக்கவில்லை. இப்போது கொம்பனி டொக்டர் கிளினிக் டொக்டரோடு பேச வேண்டுமாம். அதற்கென்று எச்.ஆர். ஓர் ஆங்கிலப் படிவத்தை நீட்டியிருக்கிறது. தம்பி சில வருடங்களுக்கு முன் மனநலக் கிளினிக்குக்கும் போய் வந்தவர். அது வெளியே வந்துவிடுமோ என்று தயங்குகிறார். லண்டனில் இருக்கும் அண்ணாவோ, “ரிப்போர்ட்டை நீ பார்த்த பிறகுதான் அனுப்பலாம், 21 நாள் உரிமை இருக்கு” என்கிறார். கையொப்பம் வைக்காவிட்டால் வேலை போய்விடுமா?

கையொப்பம் வைக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தில் வேண்டாம்.

நீங்கள் படம் பிடித்து அனுப்பிய வாசகம் தமிழில் இப்படி வரும்: “எனது சகல மருத்துவப் பதிவுகளையும், எந்த வைத்தியரிடமிருந்தும் எந்த வைத்தியசாலையிலிருந்தும், நிறுவனமோ அதன் பிரதிநிதிகளோ எந்த நேரத்திலும் பெற்றுக்கொள்ள இத்தால் சம்மதிக்கிறேன்.” இதில் டொக்டரின் பெயர் இல்லை, கேட்கப்படும் கேள்வி இல்லை, காலக்கெடு இல்லை. பதிலை வாங்கப்போவது கொம்பனி டொக்டர் என்றுகூடப் போடவில்லை, ‘நிறுவனம்’ என்றிருக்கிறது. அப்படியென்றால் எச்.ஆரில் கோப்பு அடுக்குகிற பிள்ளையும் வாசிக்கலாம். ‘எந்த வைத்தியசாலை’ என்ற சொல்லுக்குள் மனநலக் கிளினிக்கும் அடங்கிவிடும். தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இப்படியான படிவங்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு எழுதப்படுவதில்லை. எங்கேயோ கிடைத்த காப்புறுதிப் படிவத்தைப் பார்த்து யாரோ தட்டச்சுச் செய்திருப்பார்கள். ஆனாலும் கையொப்பம் விழுந்த பிறகு எழுதியவரின் எண்ணத்தை யார் பார்க்கப்போகிறார்கள், வாசகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அதற்காகக் கொம்பனி டொக்டரை எதிரியாக நினைக்க வேண்டாம். அவருக்குக் கேட்க நியாயமான காரணம் இருக்கிறது. போர்க்லிப்ட் ஓட்டுபவருக்கு ஒரு நிமிடம் தலை சுற்றினாலே போதும், பக்கத்தில் மூட்டை அடுக்கிக்கொண்டு நிற்பவரின் கால் போய்விடும். இரத்தச் சீனி (mg/dL அளவில்) 70க்குக் கீழே வந்தால் குறைவு என்கிறோம், 54க்குக் கீழே போனால் புத்தி தடுமாறத் தொடங்கும். இன்சுலினும் கிளிக்கிளசைட் போன்ற சில குளிசைகளும் இப்படி இறக்கக்கூடியவை. மெட்போமின் மட்டும் குடிப்பவருக்கு அது அரிது. அடிக்கடி சீனி இறங்குகிறவர்களுக்கு நடுக்கம், வியர்வை போன்ற முன்னறிகுறிகள் மெல்ல மெல்லத் தெரியாமல் போவதும் உண்டு. அதுதான் ஆபத்தான நிலை. ஆகவே கொம்பனி டொக்டருக்கு உண்மையில் தெரிய வேண்டியது மூன்றே விடயம்: ஒன்று, என்ன மருந்து எந்த நேரத்துக்கு; இரண்டு, கடந்த ஒரு வருடத்தில் இன்னொருவர் கைகொடுத்து எழுப்ப வேண்டிய அளவுக்கு எத்தனை தடவை சீனி இறங்கியது; மூன்று, இறங்கும்போது தம்பிக்கே தெரிகிறதா. இரவு வேலை முறை மாறி மாறி வந்தால் ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் சேர்த்துக் கேட்டால் நல்லது. தம்பியோடு வேலை செய்பவர்களில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களும் இருப்பார்கள். நோன்பு காலத்தில் அவர்களில் சலரோகக்காரருக்கும் இதே கேள்வி வரும்.

இடையில் ஒன்று. கொம்பனிகள் விரும்பிக் கேட்பது எச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட்டைத்தான். இலக்கம் ஒன்று இருந்தால் கோப்பில் போட வசதி. ஆனால் அது இரண்டு மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரிதான். சராசரி நன்றாக இருப்பவருக்கும் இரவு இரண்டு மணிக்குச் சீனி விழலாம். சில சமயம் சராசரி மிக நன்றாக இருப்பதே அடிக்கடி இறங்குவதால்தான். அந்த ஒற்றை இலக்கத்தை வைத்து ஓட்டலாம், ஓட்டக்கூடாது என்று தீர்மானிக்கிற டொக்டர் இருந்தால் அவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

சரி, சம்மதத்துக்கு வருவோம். இங்கே இரண்டு சம்மதம் இருக்கிறது. எல்லாரும் ஒன்றாகக் குழப்புவது இந்த இடத்தில்தான். கிளினிக் டொக்டர் கொம்பனி டொக்டருக்குத் தகவல் கொடுப்பது முதலாவது. கொம்பனி டொக்டர் முகாமைக்கு எழுதிக் கொடுப்பது இரண்டாவது. முதலாவதில் மருந்துப் பெயர் வரலாம், மயங்கிய கதை வரலாம், அது இரண்டு டொக்டர்மாருக்கு இடையிலான விடயம். இரண்டாவதில் வருத்தத்தின் பெயரே வரத் தேவையில்லை. “இன்ன திகதி வரை போர்க்லிப்ட் ஓட்ட வேண்டாம், பகல் வேலை கொடுங்கள், நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாப்பிட இடைவேளை வேண்டும், பிறகு மீண்டும் பார்க்கிறேன்” என்ற அளவு முகாமைக்குப் போதும். சர்வதேசத் தொழில் அமைப்பின் 1985ஆம் ஆண்டுத் தொழில்சார் சுகாதாரச் சேவைகள் பற்றிய 171ஆம் இலக்கப் பரிந்துரையும் இதையே சொல்கிறது: தகுதிச் சான்றிதழில் மருத்துவ விபரம் இருக்கக்கூடாது, எந்த வேலைக்குத் தகுதி, எந்தச் சூழல் ஆகாது என்பது மட்டும் இருக்க வேண்டும். அது பரிந்துரைதான், சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒழுங்காகத் தொழில் மருத்துவம் படித்த எந்த டொக்டரும் இதை மறுக்கமாட்டார். முதலாவதுக்குச் சம்மதித்தால் இரண்டாவதுக்கும் சம்மதித்ததாக ஆகாது. இதைத் தம்பி நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

லண்டன் அண்ணா சொல்வது அந்த நாட்டுக்குச் சரி. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் மருத்துவ அறிக்கை அணுகல் சட்டம் இருக்கிறது. வேலை விடயமாகவோ காப்புறுதிக்காகவோ ஒருவருக்குச் சிகிச்சை செய்யும் டொக்டரிடம் அறிக்கை கேட்பதென்றால் அவரது எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அறிக்கை போகுமுன் பார்க்க விரும்புகிறேன் என்று அவர் சொல்லலாம். சொன்னால், வந்து பார்க்க ஏற்பாடு செய்துகொள்ள 21 நாள் அவகாசம். அதற்குள் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் டொக்டர் அனுப்பிவிடலாம், ஆகவே அண்ணா நினைப்பது போல அது முடிவில்லாத தடை இல்லை. பார்த்த பிறகு பிழையாக இருப்பதைத் திருத்தக் கேட்கலாம். டொக்டர் மறுத்தால் தன் பக்கத்தை எழுதி இணைக்கச் சொல்லலாம், அனுப்பவே வேண்டாம் என்றும் சொல்லலாம். அனுப்பிய பிறகும் ஆறு மாதத்துக்குள் பிரதி பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சீனக்குடாவுக்கு அது செல்லாது. எச்.ஆரிடம் போய் “21 நாள்” என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நம் நாட்டில் அதற்கு நேர் சமமான தனிச் சட்டம் கைக்கு வராது, துண்டு துண்டாகத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் பிடி டொக்டரின் இரகசியக் கடமை. நோயாளியின் சம்மதமின்றி அவர் விடயத்தை வெளியாளிடம் சொல்வது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம், இலங்கை மருத்துவ சபைக்கு முறையிடலாம். கொம்பனி டொக்டரும் அந்தச் சபையில் பதிந்தவர்தான். சம்பளம் கொடுப்பது கொம்பனி என்பதற்காக அவர் கடமை மாறாது. இரண்டாவது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சுகாதாரத் தகவலை அது விசேட வகைத் தரவாக வைக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டதால், நாளைக்கே அதைக் காட்டி வழக்குப் போடலாம் என்று எண்ண வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தரவுச் சட்டங்களில் சம்மதம் ஒன்றே வழி என்றில்லை, வேலைத் தகுதியை மதிப்பிடும் மருத்துவருக்கென்று வேறு வழியும் வைப்பார்கள். வேலை கொடுப்பவர் நீட்டும் தாளில் தொழிலாளி விரும்பித்தான் கையொப்பம் வைத்தாரா என்ற சந்தேகம் எப்போதும் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த வழி கோப்பைக் கையாள்வதற்கு. கிளினிக் டொக்டர் வாய் திறப்பதற்கு நோயாளி தலையாட்டியிருக்க வேண்டும் என்பது அதனால் இல்லாமல் போகாது.

சம்மதம் இல்லாமலே சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. நீதிமன்றம் கேட்டால் சொல்ல வேண்டும். தொற்றுநோய் அறிவித்தல் என்றால் அது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போகும், முதலாளிக்குப் போகாது. ஈயம், பாதரசம் போன்றவற்றால் தொழிற்சாலையில் வந்த நோய் என்று டொக்டர் கருதினால் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பிறகு, மற்றவர் உயிருக்கு உடனடி ஆபத்து. தம்பி ஓட்டவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அடிக்கடி மயங்கிக்கொண்டு போர்க்லிப்ட் ஓட்டினால், கிளினிக் டொக்டர் அவரிடம் முதலில் சொல்லிவிட்டுக் கொம்பனி டொக்டருக்கு அறிவிக்கலாம். அந்த அறிவிப்பும் ஓட்டக்கூடாது என்பதோடு நிற்க வேண்டும். வேலையில் அடிபட்டு நட்டஈடு கேட்பது வேறு கதை: அங்கே முதலாளி தன் செலவில் டொக்டரிடம் காட்டச் சொன்னால் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் நட்டஈட்டு உரிமை நிறுத்தப்படலாம். ஆனால் அது உடம்பைப் பரிசோதிக்கக் கொடுப்பது, பழைய கோப்பெல்லாவற்றையும் திறந்துவிடுவது அன்று.

இவ்வளவும் தாளில். நம்மூரில் விடயம் வெளியே கசிவது பெரும்பாலும் தாளால் நடப்பதில்லை.

திருகோணமலையில் ‘தொழிலாளியின் டொக்டர்’ என்று ஒருவர் இல்லை. லண்டனில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டொக்டரிடம் பதிந்திருப்பார்கள். இங்கே சலரோகத்துக்கு ஆஸ்பத்திரி கிளினிக், காய்ச்சலுக்கு ஓ.பி.டி., அவசரத்துக்குச் சந்தியில் இருக்கும் தனியார் டொக்டர், கொஞ்சம் பயம் வந்தால் பெரிய டொக்டரைச் சனல் பண்ணுவது. கிளினிக்கில் இன்று இருந்த டொக்டர் அடுத்த முறை மாற்றலாகிப் போயிருப்பார். தம்பியின் முழு வரலாறு தெரிந்த ஒரே ஆள் தம்பிதான், அதற்கு ஆதாரம் அவர் கையில் இருக்கும் கிளினிக் கொப்பி. கொம்பனி டொக்டர் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் பேசுகிறவர் தம்பியை ஒரு தடவைகூடப் பார்க்காதவராக இருக்கலாம். அப்படிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை.

ஆனால் பேசுவார்கள். “மச்சான், நம்ம பட்ச் தானே, அந்தப் பொடியனுக்கு என்ன விசயம்?” என்று ஒரு அழைப்பு. இருவரும் ஒரே மருத்துவ பீடம், ஒரே விடுதி. ஒரு நிமிடத்துக்குள் சலரோகமும் வரும், அதோடு ஒட்டிக்கொண்டு பழைய மனநலக் கதையும் வந்துவிடும். கெடுதல் செய்ய நினைத்து அல்ல, சக டொக்டரிடம் நோயாளியைப் பற்றிப் பேசிப் பழகிய பழக்கம். சம்மதப் படிவத்தில் “எழுத்தில் மட்டும்” என்ற இரண்டு சொல் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். இன்னொரு சிக்கல்: பகலில் ஆஸ்பத்திரியில் இருக்கும் டொக்டரே மாலையில் கொம்பனி டொக்டராகவும் இருப்பார். அப்போது யார் யாரிடம் சம்மதம் கேட்பது? அவர் ஆஸ்பத்திரியில் தெரிந்துகொண்டதைக் கொம்பனி வேலைக்குப் பயன்படுத்துவதும் தகவல் கொடுத்ததுதான். அப்படி ஒருவர் என்றால் “டொக்டர், இங்கே நீங்கள் கொம்பனிக்காகப் பார்க்கிறீர்களா, எனக்காகவா?” என்று தம்பி பணிவாகக் கேட்கலாம். கேட்டால் கோபிக்கமாட்டார்கள். பெரும்பாலான டொக்டர்மார் அந்தக் கேள்விக்குப் பிறகு கவனமாகப் பேசுவார்கள்.

அப்புறம், தம்பி விழுந்த அந்த நாட்களுக்கான லீவுக்கு எச்.ஆரில் என்ன கொடுத்தார்? விசாரித்துப் பாருங்கள். வார்ட்டிலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டை அப்படியே நீட்டி, அவர்கள் போட்டோகொப்பி எடுத்து வைத்திருந்தால், அதில் ‘முன்னைய வருத்தங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். படிவத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் இதைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். லீவுக்கு மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் போதும். கார்ட் கொம்பனி டொக்டர் பார்க்க மட்டும், பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

இனி என்ன செய்வது. என் யோசனை, தம்பியே கடிதத்தைக் கொண்டு போய்க் கொண்டு வரட்டும். கொம்பனி டொக்டர் கேள்விகளைக் கடிதமாக எழுதித் தரட்டும். அடுத்த கிளினிக் நாளில் கொப்பிக்குள் வைத்துக் காட்டி, பதிலை வாங்கி, வாசித்து, பிரதி எடுத்துக்கொண்டு கொம்பனி டொக்டரின் கையில் கொடுக்கட்டும். கிளினிக்கில் கூட்டம் அதிகம், டொக்டருக்கு எழுத நேரம் இருக்காது என்பது உண்மை. ஆகவே கேள்விகள் மூன்றாகவும், ஒரு சொல்லில் பதில் எழுதக்கூடியதாகவும் இருக்கட்டும். லண்டனில் சட்டம் போட்டுப் பெற்ற ‘அனுப்புமுன் பார்க்கும் உரிமை’ இங்கே கடிதம் நம் சட்டைப் பையில் வருவதாலேயே கிடைத்துவிடுகிறது. பதிலை நீங்கள் திருத்தி எழுதிவிடுவீர்கள் என்று கொம்பனி டொக்டர் சந்தேகப்பட்டால், உறையை ஒட்டி முத்திரை குத்தித் தரச் சொல்லலாம். அப்போதும் ஒரு பிரதி தம்பிக்கு.

அவர்கள் படிவம் வேண்டும் என்றே நின்றால், அவர்கள் தாளைக் கிழிக்க வேண்டாம், இதை எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினால் போதும். புரியாத மொழியில் வைத்த கையொப்பத்தைச் சம்மதம் என்று நியாயப்படுத்துவது கடினம், அவர்களுக்கு ஆங்கிலத்தில் வேண்டுமானால் அவர்கள் மொழிபெயர்க்கட்டும்.

“எனது சலரோகச் சிகிச்சை பற்றி மட்டும், … கிளினிக்கின் வைத்தியர், நிறுவன வைத்தியர் … அவர்களின் இணைக்கப்பட்ட மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும் பதிலளிக்கச் சம்மதிக்கிறேன். பதிலின் பிரதி எனக்கும் தரப்பட வேண்டும். நிறுவன வைத்தியர் முகாமைக்கு எழுதும்போது எனது வேலைத் தகுதியையும் வேலையில் தேவைப்படும் மாற்றங்களையும் மட்டும் குறிப்பிட வேண்டும். அதை அனுப்புமுன் எனக்குக் காட்ட வேண்டும். இந்தச் சம்மதம் இன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு மட்டும் செல்லும். எழுத்து மூலம் அறிவித்து எப்போதும் இதை விலக்கிக்கொள்ளலாம்.”

விலக்கிக்கொண்டால் அதற்குப் பிறகு ஒன்றும் போகாது. ஏற்கனவே போனதைத் திரும்ப எடுக்க முடியாது, அதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

மனநலக் கிளினிக் விடயத்தில் ஒரு நேர்மையான எல்லை உண்டு. சிகிச்சை முடிந்து மருந்தும் நின்றுவிட்டது என்றால் போர்க்லிப்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்னும் இரவில் தூக்கம் வரவைக்கிற குளிசை குடிக்கிறார் என்றால் சம்பந்தம் இருக்கிறது. அப்போது கொம்பனி டொக்டரிடம் மருந்தின் பெயரைத் தம்பியே சொல்வது நல்லது. நேரடியாகக் கேட்டால் “அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை” என்று சொல்லலாம். “இல்லை” என்று பொய் சொல்லக்கூடாது. நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் அந்தப் பொய்தான் கோப்பில் முதல் பக்கமாக வந்து நிற்கும்.

ஒன்றுமே தரமாட்டேன் என்று மறுத்தால்? மறுப்பது குற்றம் இல்லை. ஆனால் கொம்பனி டொக்டர் கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்பார், கையில் இருப்பது ‘இன்சுலின் போடுகிறார், வேலையில் மயங்கினார்’ என்ற இரண்டு வரி. அதை மட்டும் பார்த்தால் நானும் ஓட்ட வேண்டாம் என்றுதான் எழுதுவேன். குறுகிய சம்மதம் தம்பிக்கே இலாபம்: அது ஒரு தடவை மட்டும் நடந்தது, காரணம் தெரிந்தது, ஊசி அளவு மாற்றியாயிற்று என்று கிளினிக் டொக்டர் எழுதினால் அவர் மீண்டும் வண்டியில் ஏற வாய்ப்புக் கூடும்.

வேலை போவது அவ்வளவு இலேசு இல்லை. சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் நிறுத்துவதென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். உடல்நிலை ஒழுக்காற்றுக் காரணம் ஆகாது. இங்கேயும் ‘எழுத்து மூலச் சம்மதம்’ என்ற சொல் வருவதைக் கவனியுங்கள். மருத்துவப் படிவத்தோடு சேர்த்து “உடல்நலக் குறைவால் நானாகவே விலகுகிறேன்” என்று ஒரு தாளும் வந்தால், அந்தப் படிவக் கட்டுக்குள் அதுதான் ஆபத்தான தாள். அதை மட்டும் தனியே எடுத்து வைத்து, “வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்கே கையொப்பம் வேண்டும் என்று நெருக்கினால், தாளின் பிரதியோடு நேரே தொழில் அலுவலகத்துக்குப் போகட்டும்.